சம்பளமா, அன்பளிப்பா

அந்த அக்காவை நான் முதலில் பார்த்தது மாதா கோயில் வாட்ஸ்அப் குரூப்பில். "நாளைக்குப் பூசைக்கு எல்லாரும் நேரத்தோட வந்துருங்க" என்று யாரோ போட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக ரிங்லெட்டில் இருக்கும் என் நாத்தனார் ஒரு ஸ்டிக்கர் அனுப்பியிருந்தாள். தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி மூக்கு வரைக்கும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கட்டிலில் கிடக்கிறாள். தலையில் கம்பளித் தொப்பி, அதற்கு மேல் சிவப்புத் துண்டு. கட்டிலுக்கு அடியில் ரப்பர் பூட்ஸ். ஒரு கண் மட்டும் பாதி திறந்திருக்கிறது. மேலே எழுதியிருந்தது: "வந்துட்டேன் லா!"

நான் சிரித்த சிரிப்பில் சலித்துக்கொண்டிருந்த மாவு மேசையெல்லாம் கொட்டியது.

மலை மேலிருக்கும் தானா ராத்தா ஊரில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சின்னத் தேநீர்க் கடை நடத்துகிறோம். ஸ்கோன், ஸ்ட்ராபெர்ரி ஜாம், இஞ்சி டீ, விடுமுறை நாட்களில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக். கடையின் ஒரு மூலையில் சுற்றுலா வருகிறவர்கள் வாங்கிப்போகச் சாவிக்கொத்து, காந்தம், கோப்பை என்று கொஞ்சம் அடுக்கியிருப்போம். கல்யாணமாகி இங்கே வரும்வரை நான் தோட்டத்து லைன் வீட்டில்தான் இருந்தேன். அதனால் ஸ்டிக்கரில் இருந்த பெண் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. அவள் முகத்தில் எனக்குத் தெரிந்த பத்துப் பேராவது இருந்தார்கள்.

அதன்பிறகு அவள் தினமும் வர ஆரம்பித்தாள். கையில் கரண்டியோடு, "சாப்ட்டியா?" தேயிலைச் செடிக்குப் பின்னால் குனிந்துகொண்டு, "துரை வராரு!" கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "மழ வருது, துணிய எடு!" மாரியம்மன் கோயில் குரூப்பில் வந்ததாக ஒருத்தி சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குரூப்பில் வந்ததாக இன்னொருத்தி. யார் வரைந்தது என்று நான் கேட்ட எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "வந்துச்சு, அனுப்புனேன்."

யாருக்கும் சொந்தமில்லாத பொருள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். 'வந்துட்டேன் லா'வை ஈப்போ நகரத்து அச்சகத்தில் கொடுத்து இரண்டு டஜன் கோப்பைகளில் அச்சடித்து வாங்கிவந்தேன்.

என் வீட்டுக்காரர் ஒரு கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரோட படம் இது? கேட்டியா?"

"வாட்ஸ்அப்புல வந்தது. யாருகிட்டப் போயிக் கேக்கச் சொல்றீங்க?"

அவர் கோப்பையை மூலையில் அடுக்கிவிட்டுப் போனார். பள்ளி விடுமுறைக் கூட்டம் வந்தது. இரண்டே வாரக் கடைசிகளில் கோப்பைகளில் முக்கால்வாசி போய்விட்டன. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஆளுக்கொன்று வாங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மதியம், வெளியே தூறலாக இருந்தபோது, ஓர் அம்மாவும் மகளும் கடைக்குள் வந்தார்கள். அம்மாவை எனக்கு முகப்பழக்கம் உண்டு. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மெஷினைப் பிடிக்கிறவர். சம்பளம் வந்த வாரம் டவுனுக்கு வந்தால் எங்கள் கடையில் ஒரு ரொட்டி வாங்கிப்போவார். மகளுக்குப் பதினாலு வயதிருக்கும். பள்ளிக்கூட விளையாட்டுச் சட்டை, பெரிய கண்ணாடி. அவள் நேராக மூலைக்குப் போய், ஒரு கோப்பையை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு அதோடு என்னிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, இத எங்க பிரிண்ட் பண்ணீங்க?"

"ஈப்போவுல. ஏம்மா, புடிச்சிருக்கா?"

"மங்கலா வந்துருக்கு. ஸ்டிக்கரு சின்ன சைஸுதானே, அத இழுத்துப் பெருசாக்குனா இப்பிடித்தான் வரும். துண்டு வேற, செவப்பு ஆரஞ்சா ஆயிருச்சு."

"உனக்கு எப்பிடித் தெரியும் அது செவப்புன்னு?"

"நாந்தானே வரைஞ்சேன்."

அவள் அம்மா பதறிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "வா போலாம். கடைக்கு வந்த எடத்துல என்னா பேச்சு இது."

அவள் அசையவில்லை. பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். அதன் திரை ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது. அதில் அந்த அக்கா வரிசையாக நின்றாள். கோட்டுப்படமாக, பாதி வண்ணம் தீட்டியதாக, பச்சைத் துண்டோடு, பூட்ஸ் இல்லாமல், இரண்டு கண்ணும் மூடியபடி. எல்லாமே விரலால் வரைந்தவை. ஒரு கண்ணைப் பாதி திறந்து வைப்பதற்கு ஒன்பது முறை வரைந்திருக்கிறாள்.

எனக்கு முகம் சூடேறியது. காசாளர் மேசையில் இருந்த என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் சில்லறையை அடுக்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கம்மா. யாரு வரைஞ்சதுன்னு தெரியாம அடிச்சிட்டேன்" என்றேன்.

"பரவால்ல ஆன்ட்டி. ஆனா இந்தக் கலரோட விக்காதீங்க. எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள்.

அவளுக்கு வெட்கம் அச்சு மங்கியதால். எனக்கு வெட்கம் வேறு காரணத்தால். அவசரமாக உள்ளே போய், ஓர் உறையில் ஐம்பது வெள்ளி நோட்டைப் போட்டு, ஒரு பாட்டில் ஜாமையும் எடுத்துவந்து நீட்டினேன். அவள் இரண்டையும் பார்த்தாள், வாங்கவில்லை.

"ஆன்ட்டி, இது சம்பளமா, அன்பளிப்பா?"

"ஏய்! பெரியவங்க குடுத்தா வாங்கிக்கணும். கேள்வி கேக்கக் கூடாது" என்றார் அம்மா.

"இல்லம்மா. அன்பளிப்புன்னா தேங்க்ஸ் சொல்லிட்டுப் போயிருவேன். சம்பளம்னா அடுத்த படத்துக்கு எவ்வளவுன்னு பேசணும்ல?"

என் வீட்டுக்காரர் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஏன் உறையைத் தேடி ஓடினேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. அன்பளிப்பு என்றால் நான் நல்லவள். சம்பளம் என்றால் அவளுக்கு உரிமை. அன்பளிப்பில் தாள் வேலை எதுவும் கிடையாது என்பதும் உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது.

"யோசிச்சிட்டுச் சொல்லுங்க ஆன்ட்டி. காச இப்ப நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, "ஜாம அன்பளிப்பா எடுத்துக்கிறேன்" என்று அதை வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கடையைக் கழுவிவிட்டபோது நானும் அவரும் பேசினோம். மீதியிருந்த கோப்பைகளை மூலையிலிருந்து எடுத்துவிட்டோம். சம்பளம்தான் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை. இன்னும் ஐந்து படங்கள் அவளிடம் கேட்டு வாங்கி, ஒழுங்காக அச்சடித்து விற்கலாம் என்றும் ஆசை வந்துவிட்டது. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் குழப்பம்.

"சின்னப் புள்ள. அது பேர்ல எழுதுனா சிக்கலாயிடும். அம்மா பேர்ல எழுதிட்டா முடிஞ்சுது" என்றார் அவர்.

எனக்கும் அது சுலபமாகத்தான் பட்டது. ஆனாலும் எங்கள் கணக்கைப் பார்க்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று திங்கட்கிழமை கம்போங் ராஜா என்ற ஊருக்குப் போனேன். அவர் ஒரு சீனப் பெண்மணி. உரக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். படியேறும்போதே உர வாசனை மூக்கைத் துளைக்கும். நான் மலாயில் கதையைச் சொன்னேன். அவரும் மலாயில்தான் பதில் சொன்னார். என் காதில் அது இப்படித்தான் விழுந்தது.

"வரைந்தது யார், சிஸ்டர்?"

"பொண்ணு."

"அப்ப ஏன் அம்மா பேரு? அம்மாவுக்கு வராத வருமானத்த அம்மாவுக்கு வந்ததா எழுதச் சொல்றீங்க. அது பொய்க் கணக்கு. நான் எழுத மாட்டேன்."

"பதினாலு வயசுப் புள்ளைக்கு வருமான வரி உண்டா?"

"வரிக்கு வயசு கெடையாது. ஆறு வயசுப் பிள்ள சம்பாதிச்சாலும் அது அந்தப் பிள்ளையோட வருமானம்தான். வரி வருமா வராதாங்கிறது தொகையப் பொறுத்தது. நீங்க சொல்ற தொகைக்கு வரி வராது. அதுக்காக எழுதாம விட முடியாது."

பிறகு பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் என்னிடம் வேலைக்கு இருக்கிற ஆள் இல்லை. வீட்டிலிருந்து படம் வரைந்து விற்கிறவள். அதனால் சேமநிதி பிடிக்கும் பேச்சு வராது. ஆனால் கடைச் செலவில் இந்தத் தொகையைக் காட்ட வேண்டுமானால், என்ன படம், எத்தனை, எவ்வளவு, யாருக்குக் கொடுத்தது, அடையாள அட்டை எண் என்ன என்று ஒரு பற்றுச்சீட்டு வேண்டும். அந்தத் தாளை ஏழு வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையின் ஒப்பந்தம் தனியாக நிற்காது. தாயோ தகப்பனோ சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பணம் அவள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். பள்ளிக்கூட நேரத்தில் வேலை கேட்கக் கூடாது.

"பரீட்ச நேரத்துலயும் கேக்காதீங்க" என்றார். அது சட்டமா என்று கேட்டேன். "இல்ல. எனக்கும் பொண்ணு இருக்கு" என்றார்.

ஒப்பந்தத்தை அவரே ஒரு பக்கத்தில் அடித்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு நான் தோட்டத்துக்குப் போனேன். மழை விட்டு வெயில் அடித்தது. லைன் வீட்டு முன்னால் கம்பியில் துணி நிறைந்திருந்தது. பக்கத்து வீட்டு வங்காளதேசத்துத் தொழிலாளிகள் வாசலில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா டீ போட்டுக் கொடுத்தார். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பந்தத்தை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படித்தாள். ஆறு படம், படத்துக்கு எண்பது வெள்ளி, கோப்பையிலும் பையிலும் மட்டும் அச்சடிக்கலாம், வேறு எதில் அடித்தாலும் தனியாகக் கேட்க வேண்டும்.

"இது நான் கேக்கவே இல்லியே, நீங்களே எழுதியிருக்கீங்க" என்றாள், 'தனியாகக் கேட்க வேண்டும்' என்ற வரியைத் தொட்டு.

"எங்க கணக்காளரு எழுதுனது. அவங்க உன் பக்கம்" என்றேன்.

சிரித்தாள். பேனாவை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"நான் போட மாட்டேன்."

"ஏன்க்கா?" என்று கேட்டேன்.

அவர் காலி டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார். "முன்ன ஒரு தடவ சொந்தக்காரப் பையன் கடன்ல மோட்டார்சைக்கிளு எடுக்க நான் கையெழுத்துப் போட்டேன். அவன் கட்டல. மோட்டாரும் போச்சு, அவனும் போயிட்டான். ரெண்டு வருசம் எனக்குத்தான் கடுதாசி வந்துச்சு. இவங்கப்பா லோரி ஓட்டி அனுப்புன காசெல்லாம் அதுக்கே போச்சு. இப்ப இதுல சுக்காய்ன்னு வேற எழுதியிருக்கு. சுக்காய் ஆபிஸ்லேருந்து புள்ள பேருக்குக் கடுதாசி வந்தா நான் என்னா பண்ணுவேன்? அரசாங்கம் குடுக்குற உதவிப் பணத்த நிறுத்திட்டா?"

சுக்காய் என்றால் மலாயில் வரி. அந்தச் சொல்லை அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

நான் கணக்காளர் சொன்னதையெல்லாம் திரும்பச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. மகள் அப்பாவுக்கு ஃபோன் போட்டாள். அப்பா காய்கறி லோரி ஓட்டுகிறவர். சரக்கை இறக்கிவிட்டுத் தாப்பா பக்கம் சாப்பிட நிறுத்தியிருந்தார். ஸ்பீக்கரில் போட்டு, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "சுக்காய்க் கணக்குல என் பேரு வரும்ப்பா" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு. "யாரு? நம்ம புள்ளையா? டேய், இங்க கேளுங்கடா, என் மவ சுக்காய் கட்டப் போறாளாம்!" சாப்பாட்டுக் கடையில் யாரோ கைதட்டுவது கேட்டது. "உங்கம்மா என்னா சொல்றா?"

"பயப்படுறாங்க."

"அவ பயப்படுறதுல ஞாயம் இருக்கு. அவளுக்கு வெளங்குற மாதிரி சுக்காய்க்காரங்களே சொல்லட்டும். அப்புறம் போடுவா."

அது நல்ல யோசனை. வரி அதிகாரிகள் ஜனங்களுக்கு விளக்கம் சொல்ல அந்த மாதம் தானா ராத்தாவுக்கு வந்து ஒரு மண்டபத்தில் மேசை போடப் போகிறார்கள் என்று கணக்காளர் சொல்லியிருந்தார். நான் அம்மாவிடம் சொன்னேன். "அங்க போயி நேராக் கேப்போம்க்கா. அவங்க சரின்னா போடுங்க. இல்லேன்னா இந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுருவோம்."

"நீங்க கூட வருவீங்களா?"

"கடைய மூடிட்டு வரேன்."

அந்த நாள் பள்ளி முடிந்து மகள் வருவதற்காகக் காத்திருந்து, மூன்று பேரும் போனோம். அம்மா பச்சைச் சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தார். மகள் ஒரு கோப்பு கொண்டுவந்திருந்தாள். உள்ளே அவள் அடையாள அட்டையின் நகல், பிறப்புச் சான்றிதழின் நகல், ஒப்பந்தம், ஆறு படங்களும் வண்ணத்தில் அச்சடித்த தாள். "பள்ளிக்கூட ஆபிஸ்ல எதுக்குப் போனாலும் எல்லாத்தையும் கொண்டு வரச் சொல்வாங்க ஆன்ட்டி. அதான்" என்றாள். துண்டுக்குச் சரியான சிவப்பு வருமா என்று பார்ப்பதற்காக, அவள் தந்த படத்தை வைத்து ஈப்போவில் மறுபடி அடித்த ஒரு மாதிரிக் கோப்பை என் பையில் இருந்தது. இந்த முறை துண்டு சிவப்பாகவே இருந்தது.

மண்டபத்தில் கூட்டம். தோட்டக்காரர்கள், கடைக்காரர்கள், தங்குவிடுதி நடத்துகிறவர்கள். எல்லோர் மடியிலும் ஒரு பை, எல்லோர் முகத்திலும் பல் டாக்டரைப் பார்க்க வந்தவர்களின் களை. எங்கள் எண் வந்தபோது ஒரு மலாய்ப் பெண் அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். நடுத்தர வயது, மஞ்சள் துடோங் முக்காடு, நன்றாகச் சிரிக்கிற முகம்.

"யாருக்குக் கணக்கு? இவங்களுக்கா, உங்களுக்கா?" என்று என்னையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கு" என்றாள் மகள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "என்ன வேலை பார்க்கிறாய், அடேக்?"

தம்பி தங்கையைக் கூப்பிடுகிற மலாய்ச் சொல் அது. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "ஓவியர்" என்றாள். மலாயில் அந்தச் சொல்லை வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்று தோன்றியது.

கொண்டுவந்த தாள்களை மேசைமேல் விரித்தாள். அதிகாரி ஒப்பந்தத்தைப் படித்தார். படங்கள் இருந்த தாளுக்கு வந்ததும் நிறுத்தினார். 'துரை வராரு'வைப் பார்த்து, தமிழ் படிக்கத் தெரியாமலேயே சிரித்தார். "இது எங்க ஆபிஸ்லயும் நடக்கும்" என்றார்.

நான் அம்மாவின் பயத்தை எடுத்துச் சொன்னேன். அதிகாரி என்னை விட்டுவிட்டு, நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிக்கொண்டு, 'புவான்' என்று மரியாதையாக அழைத்து, மெதுவாக, எளிய மலாயில் பேசினார்.

"புவான், இந்தப் பணம் உங்க மகளோடது. உங்க வருமானம் இல்ல. இந்தத் தொகைக்கு வரி ஒரு காசு கூடக் கிடையாது. அதனால கடன் மாதிரி யாரும் உங்ககிட்ட வந்து கேக்க மாட்டாங்க. உதவிப் பணத்துக்கு உங்க வருமானத்தையும் உங்க கணவர் வருமானத்தையும்தான் பாக்குறோம். பிள்ளை படம் வரைஞ்சதைப் பாக்கிறதில்ல. நீங்க இதுல போடுற கையெழுத்து, 'என் மகளுக்கு நான் இருக்கேன்'னு சொல்றதுக்கு. அவ்வளவுதான்."

அம்மா அந்தக் கடைசி வாக்கியத்தை மகளிடம் தமிழில் ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அவள் சொன்னாள். அம்மா தலையை ஆட்டினார். தோள் கொஞ்சம் இறங்கியது. பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஆனால் மகள் முகம் வாடிவிட்டது.

"அப்ப நான் வரி கட்ட வேணாமா?"

"வேணாம்மா. நல்ல செய்திதானே?" என்றார் அதிகாரி.

"கொஞ்சம் கூடவா?"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்து மேசையில் இருந்த இளம் அதிகாரி திரும்பிப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் காத்திருந்த ஒரு முட்டைக்கோஸ் தோட்டக்காரர், "அடேக், என்னோடதுல கொஞ்சம் எடுத்துக்கோ" என்று சத்தமாகச் சொன்னார். வரிசை முழுக்கச் சிரிப்பு. பல் டாக்டர் களையெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"எங்கப்பாகிட்ட கட்டப் போறேன்னு சொல்லிட்டேன்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அதிகாரி அவளை அப்படியே விடவில்லை. ஒரு தாளை எடுத்து, எவ்வளவு சம்பாதித்தால் வரி தொடங்கும், அதற்குமுன் எதையெல்லாம் கழிக்கலாம் என்று கோடு போட்டுக் காட்டினார். ஒவ்வொரு படத்துக்கும் வாங்கிய பணத்தையும் செய்த செலவையும் இப்போதிருந்தே எழுதி வை, அந்தக் கோட்டைத் தாண்டுகிற வருஷம் நீயே வந்து என்னைப் பார் என்றார். அவள் தாளை வாங்கி, அந்தக் கோட்டை எட்ட எத்தனை படம் வரைய வேண்டும் என்று அங்கேயே கணக்குப் போட ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. பிறகு, "நெறைய வரையணும்" என்றாள், சந்தோஷமாக.

நன்றி சொல்வதற்காக நான் பையிலிருந்த கோப்பையை எடுத்து அதிகாரியிடம் நீட்டினேன். அவர் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

"ஐயோ வேணாம். அன்பளிப்பு வாங்கக் கூடாது நாங்க. ஆனா எனக்கு அது வேணும். என்ன வெல?"

சொன்னேன். எழுந்து தன் கைப்பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தார். பிறகு கையை நீட்டியபடியே நின்றார்.

"ரெசிட்?"

ரெசிட் புத்தகம் கடையில் இருந்தது. வரி அதிகாரிகள் இருக்கும் மண்டபத்தின் நடுவில், வரி அதிகாரிக்கே ரெசிட் இல்லாமல் பொருள் விற்றுவிட்டு நான் நிற்கிறேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மகள் கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, கடைப் பெயர், பொருள், விலை, தேதி எல்லாம் எழுதி, மூலையில் அந்த அக்காவைச் சின்னதாக வரைந்து, என்னிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அதிகாரி அந்த ரெசிட்டைக் கோப்பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார்.

மண்டபத்து வாசலிலேயே, என் கார் மூடியின்மேல் ஒப்பந்தத்தை வைத்து, அம்மா கையெழுத்துப் போட்டார். தமிழில், ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி. மகள் அதற்குக் கீழே போட்டாள். நான் போட்டேன். அப்போது மறுபடி தூறல் போட ஆரம்பித்ததால், நான் தாளை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு ஓடினேன்.

அடுத்த வாரம் அம்மாவும் மகளும் வங்கிக்குப் போய், அம்மா பொறுப்பில் மகள் பெயரில் கணக்குத் திறந்தார்கள். ஆறு படங்களுக்கான பணத்தையும், நான் கேட்காமல் விற்ற கோப்பைகளுக்காக ஒரு தொகையையும் அதில் போட்டேன். கோப்பைகளுக்கான தொகையை அவள் கேட்கவில்லை. போட்ட பிறகு என்னவென்று விசாரித்து, அதற்கும் தனியாக ஒரு சீட்டு எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் தலைப்பு: "மங்கலாக வந்த படம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா லோரியை நிறுத்திவிட்டு நேராக எங்கள் கடைக்கு வந்தார். உயரமான மனிதர், கதவில் குனிந்துதான் நுழைந்தார். அவள் படம் போட்ட கோப்பையில் டீ கேட்டார். குடித்து முடித்து, கோப்பையைக் கழுவித் தரச் சொல்லி, மூன்று கோப்பைகளுக்குக் காசு கொடுத்தார். "உங்களுக்குக் காசு வேணாம்ணே" என்றார் என் வீட்டுக்காரர். "அதெப்பிடி? என் மவ யாவாரம்" என்று அவர் மேசையில் பணத்தை வைத்துவிட்டு, லோரியின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கோப்பையை நிறுத்திப் பார்த்து, விழுந்துவிடுமோ என்று மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

இப்போது அவள் பள்ளியின் கடைசிப் பெரிய பரீட்சை வருகிற ஐந்தாம் படிவத்துக்கு வந்துவிட்டாள். ஸ்டிக்கரில் அக்கா மலாயும் பேசுகிறாள். கணக்காளர் தனக்கென்று ஒன்று கேட்டு, "ரெசிட் எங்கே?" என்று இடுப்பில் கை வைத்து நிற்கிற அக்காவைக் காசு கொடுத்து வரையவைத்து வாங்கினார். கம்போங் ராஜாவில் அவரிடம் கணக்குப் பார்க்கிற எல்லோருக்கும் அது போகிறது. பரீட்சை முடியும்வரை புதுப் படம் கிடையாது என்று அவளே எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறாள். கீழே ஒரு வரி: பரீட்சைக்குப் பிறகு படத்துக்கு நூற்று இருபது.

"நூறுன்னு சொல்லிப் பாரேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

சொல்லிப் பார்த்தேன். பதிலாக ஒரு ஸ்டிக்கர் வந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே கூடையை இறக்கி வைத்துவிட்டு, அதன்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, நகத்தை ஊதிக்கொண்டிருக்கிறாள் அக்கா. எழுத்தே இல்லை. நூற்று இருபதுக்கு ஒத்துக்கொண்டேன்.